புரோக்கர் இல்லாமல் அம்மா வீட்டை விற்றோம்

எங்கள் பக்கம் யாராவது வீடு விற்கப் போகிறேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி, "எந்தப் புரோக்கர்கிட்ட சொல்லியிருக்கு?" என்பதுதான். பத்திரம் கையில் இருக்கிறதா, பட்டா யார் பெயரில் இருக்கிறது, வழி எத்தனை அடி என்று யாரும் கேட்பதில்லை. அம்மா இறந்த பிறகு குமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் இருந்த அவள் வீட்டை அக்காவும் நானும் தம்பியும் சேர்ந்து புரோக்கர் இல்லாமலே விற்றோம். அதில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று உண்டு. வீட்டுக்கு ஆள் வருவது பெரிய காரியமில்லை. வந்த ஆள் தயங்காமல் அட்வான்ஸ் கொடுக்கிற அளவுக்கு நம் காகிதம் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த வேலையைப் புரோக்கர் நமக்காகச் செய்வதில்லை. நாமே செய்துவிட்டால் அவருக்கென்று பெரிதாக வேலை மிஞ்சாது.

முதலில் நாங்களும் ஒரு புரோக்கரிடம் பேசத்தான் செய்தோம். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கமிஷன் எங்களிடம் இரண்டு சதவீதம், வாங்குகிறவரிடம் தனியாக இரண்டு சதவீதம் என்றார். அறுபது லட்சத்தை ஒட்டிய விலை என்று வைத்துக்கொண்டால் எங்கள் பங்கு 1,20,000 ரூபாய். அதுகூடப் பரவாயில்லை என்றே நினைத்தோம். அப்புறம் அவரே வேறு ஒரு வழியும் சொன்னார். "உங்களுக்குக் கையில எவ்வளவு வேணும்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல வாறத நான் பாத்துக்கிடுதேன், கமிஷனே வேண்டாம்." அக்காவுக்கு அந்த இடத்திலேயே மனசு விட்டுப்போயிற்று. மேலே எவ்வளவு வைத்து விற்றார் என்பது நமக்குக் கடைசி வரை தெரியாது. வாங்குகிறவருக்கும் தன் பணத்தில் எவ்வளவு வீட்டுக்குப் போயிற்று என்று தெரியாது. இரண்டு பேரும் நேரில் பேசிவிடாமல் இருந்தால்தான் அந்த ஏற்பாடு நடக்கும். ஒரு வீட்டைக் கொடுத்து வாங்கும்போது அந்த இரண்டு பேரும் பேசத்தான் வேண்டும் என்பது என் எண்ணம்.

2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி ஏஜெண்டுகள் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அது புதிய மனைப்பிரிவு, அடுக்குமாடி போன்ற பதிவான திட்டங்களில் விற்றுத் தருகிறவர்களுக்கு. ஒரு குடும்பத்தின் பழைய வீடு இன்னொரு குடும்பத்துக்குக் கைமாறும்போது கமிஷன் என்பது வெறும் வாய்ப்பேச்சுதான்.

சரி, காகிதத்துக்கு வருகிறேன். மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. 1949 வரை நாம் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தோம். அதனால் தாத்தா காலத்துப் பிரமாணங்கள், அதாவது பத்திரங்கள், மலையாளத்தில் இருக்கும், தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். எங்கள் முன்னாதாரம், அதாவது சொத்து வந்த வழியைக் காட்டும் பழைய பத்திரம், கொல்லம் 1119-ல் எழுதியது. தாள் பழுத்து, மடித்த இடமெல்லாம் விட்டுப்போய், பின்னால் யாரோ மெல்லிய துணி ஒட்டி வைத்திருந்தார்கள். அம்மா அதை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் தீர்வை ரசீதுகளோடு வைத்திருந்தாள். வீட்டில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. வாங்குகிறவர் வங்கிக் கடனுக்குப் போனால் வங்கி வக்கீல் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

பத்திரம் எழுதும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, மலையாளத்தை வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார். அக்கா எழுதிக்கொண்டாள். கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825-ஐக் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம், ஆக இது 1943-44 என்றார். நான்கு எல்லைகளையும் படித்துவிட்டுத் தெற்கு எல்லைக்கு வந்ததும் நிறுத்தினார். "மக்களே, வழி உண்டுன்னு எழுதியிருக்கு. எத்தன அடின்னு எழுதல்ல. வாங்கப்பட்டவன் இதக் கேக்கத்தான் செய்வான்."

அந்த ஒரு வரி எங்களுக்கு அவர் செய்த பெரிய உதவி. வழிக்கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் குமரி மாவட்டத்தில் வீடு விலை போவதும் போகாமல் கிடப்பதும் பெரும்பாலும் வழியில்தான்.

நம் ஊரில் வீடுகள் தெருவாகச் சேர்ந்து இருப்பது நாகர்கோவில், கோட்டாறு, சுசீந்திரம் போன்ற இடங்களில்தான். மேற்கே போகப் போக ஒவ்வொரு வீடும் அதனதன் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், தனியாக இருக்கும். ரோட்டிலிருந்து உள்ளே போக ஒரு வழி. அது ஒரு காலத்தில் ஆள் நடக்கவும் தலைச்சுமை கொண்டுபோகவும் விட்ட நடைவழி. பிறகு சைக்கிள் போயிற்று, ஆட்டோ போயிற்று, இன்றைக்குக் காரும் போகிறது. ஆனால் பிரமாணத்தில் இன்னும் வெறும் "வழி"தான். கார் வரும் வழி என்றால் சென்ட்டுக்கு ஒரு விலை, நடைவழி என்றால் வேறு விலை. நாங்கள் பேசிய புரோக்கர் இந்த விஷயத்தில் எங்களுக்குச் சொன்ன யோசனை, "கார் வருதுல்லா, அது போதும். அளவப் பத்தி நீங்களா வாயத் திறக்கண்டாம்" என்பது. நாளைக்கு அந்த வீட்டில் குடியிருக்கப் போகிற ஒருவரிடம் இதை மறைத்து விற்க எங்களுக்கு மனசு வரவில்லை. மறைத்தாலும் நிற்காது, வக்கீல் கண்ணில் பட்டுவிடும்.

வழியில் பாதி எங்கள் வஸ்துவில், அதாவது எங்கள் நிலத்தில், இருக்கிறது, பாதி பக்கத்து விளை மாமாவுடையது. சொந்தக்காரர் இல்லை, சின்ன வயதிலிருந்தே மாமா என்று கூப்பிட்டுப் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் பிரமாணத்தின் நகலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் மாமா, "எனக்கும் இதே வழிதானே. அளந்து எழுதுங்க மக்களே, நான் ஒப்பு போடுதேன்" என்றார். அவர் மகனுக்குத்தான் யோசனை. நாளைக்கு மதில் கட்டும்போது இடைஞ்சலாகுமே என்றான். அவன் கேட்டதில் நியாயம் உண்டு. அதனால் அவனையே டேப்பைப் பிடிக்கச் சொன்னோம். ரோட்டு முனையில் பதினோரு அடி இருந்தது. நடுவில் மாமா வீட்டுப் பலா நிற்கிற இடத்தில் வேர் புடைத்து வெளியே வந்து ஒன்பது அடிக்குக் குறுகியது. பலாவை வெட்ட வேண்டாம் என்று அக்கா சொன்னாள். அந்த இடத்தில் ஒன்பது, மற்ற இடமெல்லாம் பத்து அடி, இரண்டு வீட்டுக்கும் பொது, இரண்டு பேரும் அடைக்கக்கூடாது என்று எழுதி வரைபடம் சேர்த்துப் பதிந்தோம். மாமாவின் விளைக்கும் இதனால் எழுத்தில் கார்வழி கிடைத்தது. மகனும் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டான்.

இந்த ஒரு வேலையை ஒரு புரோக்கர் போய்ச் செய்திருக்க முடியுமா? அவரைப் பார்த்து மாமா ஒப்பு போட்டிருக்க மாட்டார். அம்மா அந்த வீட்டோடு ஐம்பது வருஷம் பேசிப் பழகி, பலாப்பழமும் மீன்குழம்பும் கொடுத்து வாங்கியிருக்கிறாள். அந்தக் கையெழுத்து அம்மாவுக்காகப் போட்டது.

நில அளவும் அப்படித்தான், ஆனால் அது சீக்கிரம் முடிந்தது. பிரமாணத்தில் 9¼ சென்ட். பட்டாவில் கொஞ்சம் குறைவு. ஆன்லைனில் பணம் கட்டி அளக்க விண்ணப்பித்தோம், சர்வேயர் வந்தார், கல் போட்டார். கையிருப்பு 8¾ சென்ட். அரை சென்ட் என்றால் 218 சதுர அடி. அளந்து கிடைத்ததற்குத்தான் விலை என்று நாங்களே முடிவு செய்து, வருகிறவர்களிடம் முதல் பேச்சிலேயே அந்த வரைபடத்தைக் காட்டினோம். பழைய சர்வே எண், ரீசர்வே (மறு நில அளவை) எண் இரண்டையும் பத்திரத்திலும் பட்டாவிலும் ஒத்துப்பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நம் மாவட்டத்தில் ரொம்ப அவசியம். பாதிக் குழப்பம் அதில்தான் வருகிறது.

வாரிசு விஷயம் இன்னொன்று. அம்மாவின் இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, அதை வைத்து மூன்று பேர் பெயருக்கும் பட்டா மாற்றம் என்று எங்கள் தலைமுறை ஒழுங்காக முடிந்தது. ஆனால் வக்கீல் இன்னொரு தலைமுறை மேலே போனார். அம்மாவுக்கு இது எப்படி வந்தது? அம்மாவுக்கு அக்கா தங்கச்சிகள் உண்டா? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது. 1916-ல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் அப்பா இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். 1986-ல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும், மகளுக்கும் சம பங்கு என்று சொல்லிவிட்டது. பழைய தென் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் அத்தைமாரும் சித்திமாரும் பங்கு வாங்காமல் கையெழுத்தும் போடாமல் விட்டுப்போன வஸ்துக்கள் எத்தனையோ உண்டு. விற்கப் போகும்போது அவர்கள் பிள்ளைகளின் ஒப்பும் வேண்டிவரும். அது அவர்களுக்கு நியாயமாகச் சேர வேண்டியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் தாத்தா தான் இருக்கும்போதே 1974-ல் அம்மாவுக்கு இஷ்டதானமாக எழுதிக் கொடுத்திருந்தார். அந்தப் பத்திரத்தைக் காட்டியதும் வக்கீல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

சொத்தின் மேல் கடனோ வேறு பதிவோ உண்டா என்று காட்டும் வில்லங்கத்தைப் பதிவுத் துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம், அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பையும் அங்கேயே பார்க்கலாம். பட்டாவும் புல வரைபடமும் வருவாய்த் துறைத் தளத்தில் கிடைக்கும். இவற்றோடு வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி, மின் ரசீது எல்லாம் சேர்த்து ஒரே ஃபைலாக்கினோம். கேட்டவர்களுக்கு ஜெராக்ஸ் மட்டும்தான், அதுவும் குறுக்கே "பார்வைக்கு மட்டும்" என்று எழுதி. அசலை வக்கீல் ஆபீசில் எங்கள் முன்னால் வைத்துப் பார்க்கலாம் என்றோம். ஒருவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆள் தேடியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரோட்டு முனையில் "வீடு விற்பனைக்கு, உரிமையாளர் நேரடி" என்று போர்டு வைத்தோம். தினத்தந்தியில் வரி விளம்பரம், ஓஎல்எக்ஸில் படங்களோடு ஒரு பதிவு, சொந்தக்காரர் வாட்ஸ்அப் குரூப்புகள். ஓஎல்எக்ஸ் பார்த்துக் கூப்பிட்டவர்களில் பெரும்பாலோர் புரோக்கர்களே. வாங்கியவர்கள் போர்டைப் பார்த்து வந்தவர்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஊருக்கு வரும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் போன் அதிகம் வரும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டைக் காட்டும்போது எல்லாவற்றையும் காட்டினோம். அயனி மரக் கதவுகளை, கோடையில் வற்றாத கிணற்றை, அடுக்களைப் பின்சுவரில் ஓதம் ஏறி சிமென்ட் உதிர்ந்த இடத்தை. 2021 நவம்பர் மழையில் தண்ணீர் முற்றம் தாண்டி முதல் படி வரை வந்தது, உள்ளே ஏறவில்லை என்று படியைத் தொட்டுக் காட்டிச் சொன்னோம். வாங்கிய குடும்பத்தின் அம்மா அந்தப் படியில் உட்கார்ந்துதான் மற்றதெல்லாம் கேட்டார்கள். காலையில் வெயில் எந்தப் பக்கம் விழும், பஸ் எத்தனை மணிக்கு, மீன்காரி எப்போது வருவாள், பக்கத்து வீட்டில் எப்படி. அந்த வீட்டில் வளர்ந்தவர்கள்தான் அதற்கெல்லாம் பதில் சொல்ல முடியும்.

விலை பேச எங்களுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. சொந்த வீட்டுக்கு நாமே விலை சொல்வது மனசுக்குக் கஷ்டம், குறைத்துக் கேட்டால் அம்மாவையே குறைத்த மாதிரி இருக்கும். அதனால் தம்பி ஒரு ஏற்பாடு சொன்னான். பக்கத்தில் அண்மையில் பதிவான விற்பனைகளைப் பற்றி விசாரித்து, நிலத்துக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு என்று தனித்தனியாக எழுதி, எதற்குக் கீழே போக மாட்டோம் என்பதை மூன்று பேரும் முன்பே ஒத்துக்கொண்டோம். பேசுவது அக்கா மட்டும். ஒருவர் ஒன்று சொல்ல இன்னொருவர் வேறு சொன்னால் விலை நிற்காது.

வந்தவர்களில் பலர், "பத்திரத்தில் குறைத்துப் போட்டுக்கலாம், மீதியைக் கையில் தந்துடுதோம்" என்றார்கள். அவர்கள் கேட்பதன் காரணம் புரியாமல் இல்லை. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அறுபது லட்சத்துக்கு 5,40,000 ரூபாய். சம்பளக்காரருக்கு அது பெரிய தொகை. 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு, ஆனால் 10 லட்சம் வரையிலான சொத்துக்கு மட்டும். இருந்தாலும் நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வீடு, நிலம் விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் வரலாம். அதைவிட, குறைத்துப் போட்ட பத்திரம் வாங்குகிறவரை நாளைக்கு அவர் விற்கும்போது அடிக்கும், லாபம் பெரிதாகத் தெரிந்து வரி ஏறும். முழுத் தொகையும் வங்கி வழியாக, முழு விலையும் பத்திரத்தில் என்று போர்டு பார்த்துக் கூப்பிட்டவர்களிடம் போனிலேயே சொல்லிவிட்டோம். சிலர் அதோடு விட்டார்கள். நேராக வந்தவர்களோடு பேச்சு சுத்தமாக இருந்தது.

தம்பி மஸ்கட்டில் இருக்கிறான். குமரி மாவட்டத்தில் வெளிநாட்டில் ஒரு கூடப்பிறப்பு இல்லாத வீடு குறைவு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவன் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில், தனக்காக இங்கே கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரம் எழுதி அனுப்பினான். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிச் சரிசெய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. வரியிலும் வித்தியாசம் உண்டு. உள்ளூரில் இருக்கும் எங்கள் இரண்டு பேர் பங்குக்கு, மொத்த விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குகிறவர் 1 சதவீதம் பிடித்து வருமான வரியில் கட்டுவார். வெளிநாட்டில் இருப்பவர் பங்குக்கு அந்த 50 லட்ச வரம்பே கிடையாது, பிடிக்கிற சதவீதமும் மிக அதிகம். லாபம் குறைவு என்று காட்டிக் குறைவாகப் பிடிக்க வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்கலாம். அதற்கு நேரம் பிடிக்கும், ஆகவே ஆள் கிடைக்கும் முன்பே ஆடிட்டரைப் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 23 முதல் நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீத வரி. அதற்கு முன் வாங்கிய வீட்டை விற்கும்போது, விலைவாசி உயர்வைக் கழித்து 20 சதவீதம் கட்டலாமா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு உள்நாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். தம்பிக்கு அது இல்லை.

விலை முடிந்ததும் ஒப்பந்தம் எழுதினோம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதி அட்வான்ஸ் வாங்குவது இன்னும் நடக்கிறது, அது இரண்டு பக்கத்துக்கும் ஆபத்து. கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பத் தர வேண்டும், வீட்டில் எந்தெந்தப் பொருள் சேரும், மோட்டார் யாருக்கு, தேங்காய் எந்த மாதம் வரை யாருக்கு என்பதைக்கூட எழுதினோம். தேங்காய்க்கு ஒரு வரியா என்று பத்திரம் எழுதியவர் கேட்டார். சண்டை வருவது பெரும்பாலும் அப்படிப்பட்ட வரிகள் இல்லாததால்தான்.

பதிவு நாள் ஒரு காலையில் முடிந்தது. டோக்கன், கைரேகை, போட்டோ, இரண்டு சாட்சி. வங்கி டிடிகளைக் கையில் வாங்கிப் பெயரும் தொகையும் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போட்டோம்.

ஊரில் யாருமே இல்லாமல் எல்லோரும் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் குடும்பங்கள் உண்டு. கதவைத் திறந்து காட்டக்கூட ஆள் இல்லாதபோது நல்ல புரோக்கர் ஒருவரின் உதவி தேவைப்படும். அவருக்குக் கமிஷன் கொடுப்பதில் தப்பே இல்லை. எவ்வளவு, எப்போது, யார் கொடுப்பது என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்போதும் முன்னாதாரத்தையும் வழியையும் அளவையும் வாரிசு ஒப்புகளையும் குடும்பம்தான் சரிசெய்தாக வேண்டும்.

பலா வீட்டு மாமா இப்போது தன் விளையில் கீழ்ப்பக்கம் ஆறு சென்டைப் பேத்தி கல்யாணத்துக்காக விற்கப் போகிறார். நேரடியாகவே விற்கிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டாராம். போன வாரம் போன் பண்ணி, "மக்களே, நம்ம வழிப் பத்திரத்த ஃபைல்ல வச்சாச்சு, பழைய பிரமாணம் ரெண்டு மலையாளத்துல கெடக்கு" என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் அவற்றை எடுத்துக்கொண்டு அந்தப் பெரியவரிடம் போகிறோம்.